அமெரிக்காவில் தத்தெடுக்க வக்கீல் தேடுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்த் தம்பதி தத்தெடுப்பது என்று முடிவுசெய்ததும், பக்கத்தில் எந்த வக்கீல் இருக்கிறார் என்று தேடி, போன் போட்டு இரண்டு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த இரண்டுக்கும் காதுக்கு இனிமையாகப் பதில் சொல்கிறவரே நல்ல வக்கீல் என்று நினைத்துவிட்டால் சறுக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. குழந்தையைப் பெறப்போகிற பெண்ணைப் பற்றியும், அந்தக் குழந்தையின் தகப்பனைப் பற்றியும் உங்களைத் துருவித் துருவிக் கேட்கிற வக்கீலைப் பிடியுங்கள் என்பது என் கட்சி. கேட்பதற்கு விநோதமாக இருக்கும். பணம் கொடுப்பது நாம், வக்கீல் ஏன் எதிர்த்தரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஊர் முறை சட்டென்று பிடிபடாது. அங்கே காரா என்ற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுத்த பிறகு, வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வரும்போது குழந்தையின் விவரம் வரும். 2021-ல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு உத்தரவு போடும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து எடுத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தும்விட்டார்கள். காத்திருப்பு வருடக்கணக்கில் போகலாம், ஆனால் வக்கீலுக்கு அந்த வழியில் பெரிய வேலை இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு தேசிய வரிசை கிடையாது. தத்தெடுப்புச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நியூ ஜெர்சியில் சரியாக இருப்பது டெக்சாஸில் சரியாக இருக்க வேண்டியதில்லை, கடைசியில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டால்தான் குழந்தை சட்டப்படி உங்களுடையது.

உள்நாட்டுத் தத்தெடுப்புக்கு இங்கே மூன்று பாதைகள். ஒன்று, அரசின் ஃபாஸ்டர் கேர் வழி, அதாவது அரசுப் பொறுப்பில் வேறு வீடுகளில் வளர்கிற குழந்தைகள். பெற்றோரின் உரிமையை நீதிமன்றம் முடித்துவைத்த குழந்தைகள், பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், அண்ணன் தங்கை என்று சேர்ந்தே வருகிறவர்கள். இதில் செலவு மிகக் குறைவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை என்று மாநிலம் வகைப்படுத்தியிருந்தால் வக்கீல் கட்டணம் உட்பட 2,000 டாலர் வரை திருப்பித் தரும் ஏற்பாடும் உண்டு. இரண்டாவது, உரிமம் பெற்ற தனியார் ஏஜென்சி வழி. மூன்றாவது, ஏஜென்சி இல்லாமல், பெற்ற தாயும் தத்தெடுக்கும் தம்பதியும் வக்கீல் மூலமாக நேரடியாக ஏற்பாடு செய்துகொள்வது. இந்த மூன்றாவதை எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. மாசச்சூசெட்ஸிலும் கனெடிகட்டிலும் உறவு இல்லாத குழந்தை என்றால் ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இருந்துகொண்டு, வக்கீலை வைத்து நேரடியாக முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எப்படி என்று அவரையே கேளுங்கள்.

சரி, வக்கீலின் வேலை என்ன? குழந்தை தேடித் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். சில மாநிலங்களில் வக்கீல் இரு தரப்பையும் அறிமுகப்படுத்தி வைக்கலாம், சிலவற்றில் அதற்குத் தனியாகக் காசு வாங்கினாலே குற்றம். எந்த மாநிலமாக இருந்தாலும் அவருடைய அசல் வேலை ஒன்று: நீதிபதி கொடுக்கப்போகும் அந்த உத்தரவை நாளைக்கு யாரும் வந்து உடைக்க முடியாதபடி அடித்தளம் போடுவது. அந்த உத்தரவு எதனால் உடையும் என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்று இடங்கள்தான். தாயின் ஒப்புதல், தகப்பனின் உரிமை, பழங்குடிக் குழந்தைகளுக்கான தனிச் சட்டம்.

ஒப்புதலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்பே ஒரு பெண் ஆயிரம் முறை சரி என்று சொல்லியிருக்கலாம், பெரும்பாலான மாநிலங்களில் அதற்குச் சட்டப்படி மதிப்பே இல்லை. டெக்சாஸில் குழந்தை பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகுதான் அவர் கையெழுத்துப் போட முடியும். மாசச்சூசெட்ஸில் நான்காவது நாள். நியூ ஜெர்சியில் ஏஜென்சிக்குக் குழந்தையை ஒப்படைக்க 72 மணி நேரம் ஆக வேண்டும். கையெழுத்துக்கு அப்புறம் மனம் மாறினால் என்ன ஆகும் என்பது இன்னொரு கணக்கு. ஃபுளோரிடாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மோசடியோ மிரட்டலோ நிரூபணமானால் தவிரத் திரும்பப் பெற முடியாது. கலிஃபோர்னியாவில் வக்கீல் வழித் தத்தெடுப்பில் 30 நாள் அவகாசம் உண்டு, அந்த உரிமையை அவரே முன்கூட்டி விட்டுக்கொடுத்தால் தவிர. நியூயார்க்கில் நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டால் அத்தோடு முடிந்தது. வெளியே போட்டால் 45 நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம், சொன்னாலும் குழந்தை தானாகத் திரும்பிப் போகாது, தத்தெடுத்தவர்கள் எதிர்த்தால் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிமன்றம் விசாரிக்கும். ஒரே நாடு, ஒரே கையெழுத்து, இத்தனை விதமான விளைவு. குழந்தை பிறக்கப்போகிற மாநிலத்தின் சட்டத்தில் தினமும் புழங்குகிற வக்கீல் தேவைப்படுவது இதனால்தான். விவாகரத்து, உயில், வீட்டுப் பத்திரம் எல்லாம் பார்க்கிற, நடுவில் வருடத்துக்கு ஒரு தத்தெடுப்பும் செய்கிற வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் இதற்கு வேண்டாம். மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் தத்தெடுக்கும் எளிய மனு என்றால் அவரே போதும்.

இப்படி ஒவ்வொரு மணியாக எண்ணிப் பார்க்க வேண்டுமா என்று தோன்றினால் 1991-ல் அயோவாவில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். மிச்சிகனைச் சேர்ந்த தம்பதி, அயோவாவில் பிறந்த பெண்குழந்தை. அயோவாவின் சட்டம் 72 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. தாயின் கையெழுத்து பிறந்து சுமார் 40 மணி நேரத்திலேயே வாங்கப்பட்டது. தகப்பன் என்று அவர் குறிப்பிட்ட ஆள் வேறு, உண்மையான தகப்பன் வேறு. சில வாரத்தில் தாய் மனம் மாறி உண்மையைச் சொன்னார், உண்மையான தகப்பன் நீதிமன்றத்துக்குப் போனார், இரண்டு மாநிலங்களின் நீதிமன்றங்களில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது, 1993 ஆகஸ்டில், இரண்டரை வயதில், குழந்தை பெற்றவர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. டிவி கேமராக்கள் முன்னால். யார் பக்கம் நியாயம் என்று இந்த நாட்டிலேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு அதில் உறுத்துவது, ஒரு நாளும் கொஞ்சமும் பொறுத்திருந்து, தகப்பன் யார் என்பதை இன்னொரு வழியில் சரிபார்த்திருந்தால், அந்தக் குழந்தை இரண்டரை வருடம் ஒரு வீட்டில் வளர்ந்த பிறகு பிடுங்கப்பட்டிருக்காது என்பதுதான்.

தகப்பன் விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் அலட்சியம். கல்யாணம் ஆகாத பெண், அந்தப் பையன் ஓடிப்போய்விட்டான், அவனுக்கு என்ன உரிமை என்கிற மனநிலை. அமெரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கல்யாணம் ஆகாவிட்டாலும் தகப்பனுக்கு உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. அந்த உரிமைக்கு அவர் ஏதாவது முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று 1983-ல் வேறொரு வழக்கில் வரம்பு போட்டது. நியூயார்க்கின் பதிவேட்டுக்கு ஒரு தபால் அட்டை அனுப்பியிருந்தால் போதும், அதைச் செய்யாதவருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் தத்தெடுப்பை முடித்தது தவறில்லை என்பது தீர்ப்பு. அதற்கு அப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தகப்பன் பதிவேடு என்று ஒன்றை வைத்திருக்கின்றன. தனக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கலாம் என்று நினைக்கிற ஆண் அதில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். டெக்சாஸில் பிறந்து 31-வது நாள் வரை, இலினாயில் 30 நாள் வரை அவகாசம். அந்தப் பதிவேட்டில் தேடி, யாரும் இல்லை என்ற சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பது வக்கீலின் வேலை. பெண் கருத்தரித்தது ஒரு மாநிலம், பிரசவம் இன்னொரு மாநிலம் என்றால் இரண்டிலும் தேட வேண்டும். வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: தகப்பன் யார் என்று தாய் சொல்ல மறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் வழவழவென்று இருந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மூன்றாவது கண்ணி, அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான 1978-ம் ஆண்டுச் சட்டம். குழந்தையின் தாயோ தகப்பனோ மத்திய அரசு அங்கீகரித்த ஐந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பழங்குடி இனங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்து, குழந்தைக்கும் அதில் சேரத் தகுதி இருந்தால் விதிகள் மொத்தமாக மாறும். பிறந்து பத்து நாளுக்குள் வாங்கிய ஒப்புதல் செல்லாது, நீதிபதி முன்னால்தான் கையெழுத்து, தத்தெடுக்கும் முன்னுரிமை உறவினருக்கும் இனத்தாருக்கும். இந்தச் சட்டத்தை ஒழித்துக்கட்ட முயன்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2023-ல் ஏழுக்கு இரண்டு என்று நிராகரித்தது, ஆகவே அது இப்போதும் முழு உயிரோடு இருக்கிறது.

அதே சட்டத்தின் கீழ் 2013-ல் உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு உண்டு. அடாப்டிவ் கப்பிள் எதிர் பேபி கேர்ள் என்று தீர்ப்பில் பெயர். ஓக்லஹோமாவில் 2009-ல் பிறந்த குழந்தை, தகப்பன் செரோகி இனத்தவர், தத்தெடுத்தவர்கள் சவுத் கரோலினாவில். அந்த இனத்தின் பதிவில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று தாயின் வக்கீல் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். கடிதத்தில் தகப்பனின் முதல் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது, பிறந்த தேதியும் தப்பு. அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இருப்பதாக உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு குழந்தை மாநிலம் தாண்டிப் போனது. 2011 கடைசியில் நீதிமன்ற உத்தரவுப்படி குழந்தை தகப்பனிடம் போய், 2013-ல் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்புக்குப் பிறகு மறுபடி தத்தெடுத்தவர்களிடம் வந்தது. ஒரு சின்னக் குழந்தை இரண்டு முறை வீடு மாறியது. அந்தக் கடிதம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வழக்கில் வேறு சிக்கல்களும் இருந்தன. ஆனால் ஒரு வக்கீல் தன் மேசையில் இருக்கும் சாதாரணக் கடிதத்தை எவ்வளவு கவனமாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது ஊர் விட்டு ஊர் போவது. நம்மவர்களில் பலர் நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலோ இருப்பார்கள், குழந்தையைத் தர முன்வரும் பெண் ஃபுளோரிடாவிலோ இன்டியானாவிலோ இருப்பார். மாநில எல்லையைத் தாண்டிக் குழந்தையைக் கொண்டுபோக, குழந்தைகளை இடம் மாற்றுவதற்கான மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தின் கீழ் இரண்டு மாநில அலுவலகங்களும் அனுமதி தர வேண்டும். ஐசிபிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது வரும்வரை கைக்குழந்தையோடு அந்த மாநிலத்திலேயே ஹோட்டலிலோ வாடகை வீட்டிலோ தங்க வேண்டும், வழக்கமாக ஒன்றிரண்டு வாரம், பண்டிகை விடுமுறை நடுவில் வந்தால் கூடவும் ஆகலாம். அனுமதி வராமல் காரில் போட்டுக் கிளம்பி வந்துவிட்டால் தத்தெடுப்பே சிக்கலில் மாட்டும். இப்படிப்பட்ட வழக்குக்கு இரண்டு வக்கீல்கள் தேவைப்படும், குழந்தை பிறக்கிற மாநிலத்தில் ஒருவர், உங்கள் ஊரில் ஒருவர். உங்கள் ஊர் வக்கீலுக்கு மற்ற மாநிலங்களில் நம்பிக்கையான ஆட்கள் தெரியுமா என்பது அதனால் முக்கியம். தத்தெடுப்பையே தொழிலாகக் கொண்ட வக்கீல்களுக்கென்று 1990-ல் தொடங்கிய ஓர் அகாடமி இருக்கிறது. அனுபவம் பார்த்துத்தான் உறுப்பினராகச் சேர்ப்பார்கள். அதில் இல்லாதவர் மோசமானவர் என்று அர்த்தமில்லை, ஆனால் தேட ஆரம்பிக்க நல்ல இடம்.

பெற்ற தாய்க்குத் தனி வக்கீல் வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். ஒரே வக்கீல் இரண்டு பக்கமும் பார்ப்பதைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. கலிஃபோர்னியா எழுத்துபூர்வ சம்மதம் இருந்தால் விடுகிறது, ஆனால் தாய் தனி வக்கீல் கேட்டால் அதற்கான செலவில் தத்தெடுப்பவர்கள் பங்கேற்க வேண்டும் என்றும் சொல்கிறது. பணம் மிச்சம் என்று ஒரே வக்கீலோடு போகத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது இருபது வயதுப் பெண், வாடகை கட்ட வழியில்லாத நிலைமை, எதிரில் இருப்பது உங்கள் பணத்தில் வேலை செய்யும் வக்கீல். நாளைக்கு அவர் எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை, அழுத்தம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொன்னால் நீதிபதி நம்புவாரா மாட்டாரா? அவருக்கென்று தனியாக ஒருவர் உட்கார்ந்து, இதைச் செய்ய வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு வலு அதிகம். அது அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதையும்கூட. உங்கள் வக்கீல் இதைத் தானாகவே முன்மொழிகிறாரா என்று கவனியுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஏஜென்சி வழியில் பச்சிளம் குழந்தையைத் தத்தெடுக்க எல்லாம் சேர்த்து 30,000 முதல் 60,000 டாலர் வரை ஆகலாம். வக்கீல் வழி கொஞ்சம் குறைவு, ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாத செலவுகள் அதிகம். சில வக்கீல்கள் மணிக்கணக்கில் வாங்குவார்கள், சிலர் மொத்தமாக ஒரு தொகை. இரண்டும் சரிதான், எதெல்லாம் அதில் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எதிர்ப்பு வந்து வழக்காக மாறினால் தனிக்கட்டணம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். முன்பணம் வக்கீலின் சொந்தக் கணக்கில் போகக்கூடாது, கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் அக்கவுண்டில் இருக்க வேண்டும், செலவாகாத பணம் திரும்ப வர வேண்டும்.

பெற்ற தாயின் வாடகை, சாப்பாடு, மருத்துவச் செலவு போன்றவற்றை நீங்கள் தரலாம் என்று பல மாநிலங்கள் இடம் கொடுக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வேலி. விஸ்கான்ஸினில் வாழ்க்கைச் செலவுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு. அரிஸோனாவில் 1,000 டாலரைத் தாண்டினால் நீதிபதியிடம் முன் அனுமதி. வரம்பை மீறினால் அது குழந்தையை விலைக்கு வாங்கியதாக மாறிவிடும், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன் என்பது வாதமாகாது. ஆகவே தாய்க்கு நேரடியாகப் பணமோ கிஃப்ட் கார்டோ கொடுக்காதீர்கள், எல்லாம் வக்கீலின் கணக்கு வழியாக, ரசீதோடு போகட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் நானே வளர்க்கிறேன் என்று அவர் முடிவெடுத்தால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. அவர் ஏமாற்றினார் என்று அர்த்தமில்லை, அது அவர் உரிமை. இதை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்கிற வக்கீல், நல்ல வக்கீல்.

மோசமானவர்கள் எப்படி இருப்பார்கள்? பால் பீட்டர்ஸனைப் பாருங்கள். அரிஸோனாவில் மாரிகோபா கவுண்டியின் தேர்தலில் வென்று சொத்து மதிப்பீட்டு அதிகாரியாக இருந்தவர், கூடவே தத்தெடுப்பு வக்கீல். பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளிலிருந்து கர்ப்பிணிப் பெண்களை அரிஸோனா, யூட்டா, ஆர்கன்ஸாஸ் மாநிலங்களுக்கு வரவழைத்து, குழந்தைகளைத் தத்துக் கொடுக்கவைத்தார். தத்துக் கொடுப்பதற்காக அந்நாட்டவர் அமெரிக்கா வரக்கூடாது என்று இரு நாடுகளுக்கிடையே உடன்பாடே இருந்தது. அந்தப் பெண்களை அரிஸோனாவாசிகள் என்று காட்டி அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்தார். 2019 அக்டோபரில் மாட்டினார். 2020 டிசம்பரில் மத்திய வழக்கில் 74 மாதச் சிறை, அடுத்த வருடம் மாநில வழக்குகளில் மேலும் தண்டனை. கட்டணம் கட்டிய குடும்பங்கள் அவரைப் பெரிய பதவியில் இருக்கும் கௌரவமான மனிதர் என்று நம்பித்தான் போனார்கள். பதவி, சர்ச், புகைப்படச் சுவர் எல்லாம் எதையும் நிரூபிக்காது. பார் என்று சொல்லப்படும் மாநில வக்கீல்கள் அமைப்பின் இணையதளத்தில் வக்கீலின் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். அதைவிட நல்ல சோதனை, ஒரே ஊரிலிருந்து, ஒரே மாதிரிப் பெண்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்றால், அவர்கள் எப்படி உங்களிடம் வருகிறார்கள் என்று கேட்பது.

வக்கீலும் இல்லாமல் உரிமம் பெற்ற ஏஜென்சியும் இல்லாமல் நடுவில் நின்று ஜோடி சேர்த்துவிடுகிறேன் என்று சொல்கிற இடைத்தரகர்களை நான் ஒரேயடியாகத் தவிர்க்கச் சொல்வேன். ஒரே கர்ப்பிணியை இரண்டு மூன்று குடும்பத்துக்குக் காட்டிப் பணம் வாங்கிச் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

செலவில் ஒரு பகுதியை வரியில் மீட்கலாம். மத்திய அரசின் தத்தெடுப்பு வரிச்சலுகை 2025-க்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை, அதில் 5,000 வரை வரியே கட்ட வேண்டியிராவிட்டாலும் கையில் கிடைக்கும். வக்கீல் கட்டணம், நீதிமன்றச் செலவு, ஹோம் ஸ்டடி என்கிற வீட்டு ஆய்வு, பயணம் எல்லாம் இதில் வரும். உள்நாட்டுத் தத்தெடுப்பில் கடைசி நிமிடத்தில் முறிந்துபோன முயற்சிக்கும்கூடக் கோரலாம். ஆனால் அதே 2025 கணக்கில் வருமானம் 259,190 டாலரைத் தாண்டினால் தேய ஆரம்பித்து 299,190-ல் பூஜ்யமாகிவிடும், இரண்டு பேரும் ஐடியில் இருக்கிற பே ஏரியாத் தம்பதிக்கு இது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பணம்தான். கம்பெனியில் தத்தெடுப்பு உதவித்தொகை இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள்; நிறைய பெரிய நிறுவனங்கள் தருகின்றன, நிறைய பேர் கேட்பதே இல்லை.

நம்மவர்களுக்கென்றே இருக்கும் ஒரு குழி, ஊரில் இருக்கும் அக்கா குழந்தை. மதுரையில் அக்காவுக்கு மூன்றாவது பெண், நமக்குக் குழந்தை இல்லை, விசிட்டர் விசாவில் அழைத்துவந்து இங்கே கவுண்டி நீதிமன்றத்தில் தத்தெடுத்துவிட்டால் முடிந்தது என்று யோசனை. இதற்கு உள்ளூர் தத்தெடுப்பு வக்கீல் ஒருவர் சரி என்று மனுவும் போட்டுக் கொடுத்துவிடலாம், நீதிபதி உத்தரவும் வந்துவிடலாம். ஆனால் குடியேற்றத் துறை அதைக் கண்டுகொள்ளாது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003-லிருந்தும் அமெரிக்கா 2008-லிருந்தும் இருக்கின்றன. இந்தியாவில் வசிக்கும் குழந்தை என்றால் முதலில் இங்கே குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ என்ற மனு, அப்புறம் காராவின் ஒப்புதல், குறிப்பிட்ட குழந்தைக்கான ஐ-800 மனு, அதற்குப் பிறகுதான் தத்தெடுப்பு என்பது வரிசை. அந்த மனுவைப் போட தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது, ஹெச்-1பி போதவே போதாது. வரிசையை மாற்றி இங்கே முதலில் தத்தெடுத்துவிட்டால் அந்தப் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடும். இரண்டு வருடம் நம்மோடு வசித்துவிட்டால் சாதாரணக் குடும்ப மனுவில் போகலாமே என்பார்கள். ஹேக் நாட்டுக் குழந்தைக்கு அதிலும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு, பதினாறு வயது வரம்பும் உண்டு. கிராமத்தில் ஐயர் வைத்து முறைப்படி தத்துக் கொடுத்த சடங்கு இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் செல்லலாம், விசா வாங்க அது மட்டும் உதவாது. ஆகவே உறவினர் குழந்தை என்றால் உள்நாட்டுத் தத்தெடுப்பு வக்கீலிடம் போகும் முன் குடியேற்றச் சட்டமும் ஹேக் நடைமுறையும் தெரிந்தவரிடம் போங்கள். அமெரிக்காவில் பிறந்த, அமெரிக்கத் தாயின் குழந்தையைத் தத்தெடுக்கிறீர்கள் என்றால் இந்தத் தலைவலி இல்லை. குழந்தை பிறப்பாலேயே குடிமகன், ஆனால் அதனால் உங்கள் விசாவுக்கு எந்த லாபமும் கிடையாது.

இன்னொரு பழக்க மோதல், ரகசியம். தத்து என்பதை அக்கம்பக்கத்துக்கும், சில வீடுகளில் குழந்தைக்குமேகூடச் சொல்லாமல் வைப்பது நம் பக்கம் வழக்கம். இங்கே பெரும்பாலான பச்சிளம் குழந்தைத் தத்தெடுப்புகளில் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது பெற்ற தாய்தான். நீங்கள் தயாரித்த ஆல்பத்தைப் பார்த்து, உங்களிடம் பேசி முடிவெடுப்பார். பிறகு வருடத்துக்குச் சில புகைப்படம், ஒரு சந்திப்பு என்று ஒப்பந்தம் போடுவது சகஜம். சில மாநிலங்களில் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியும், சிலவற்றில் அது வெறும் வாக்குறுதி. மீறினாலும் தத்தெடுப்பு ரத்தாகாது. ரத்தாகாதே என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நம்பரை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பச்சைத் துரோகமாகப் படுகிறது. செய்ய முடிகிறதை மட்டும் எழுதுங்கள் என்று வக்கீல் உங்களைத் தடுத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எல்லாம் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒப்பந்தக் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். யாருக்காக வேலை செய்கிறார், எந்த மாநிலம்வரை, மற்ற மாநில வக்கீலுக்குக் கட்டணம் யார் கொடுப்பது, ஐசிபிசி காகிதங்களை அனுப்புவது யார், பிரசவம் சனிக்கிழமை இரவு நடந்தால் போனை எடுப்பது அவரா உதவியாளரா, இத்தனையும் அதில் இருக்கட்டும். இறுதி உத்தரவுக்குப் பிறகு உங்கள் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் அவர் வேலையில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள், பல அலுவலகங்கள் நீதிமன்றத்தோடு நிறுத்திக்கொள்ளும். உத்தரவு வர மாதங்கள் ஆகும், நடுவில் வரி தாக்கல் செய்ய வேண்டிவந்தால் குழந்தைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் இருக்காது. அதற்காகவே வருமான வரித் துறை ஒரு தற்காலிக எண் தருகிறது, டபிள்யூ-7ஏ படிவம். விண்ணப்பிக்கும்போது குழந்தை சட்டப்படி உங்கள் வீட்டில் வைக்கப்பட்டதற்கான ஆவணம் கேட்பார்கள், அதன் நகல் வக்கீலிடம் இருக்கும்.